பொருளாதார நெருக்கடியும் பிரதேச இளைஞரும்: 1970-77 காலகட்டம் பற்றிய ஒரு நோக்கு

நாடு பொருளாதார நெருக்கடிக்குள்ளாகும் வேளைகளில் இளைஞரை உற்பத்தியில் ஈடுபடுத்த வேண்டும் என்ற குரல் எழுவது இலங்கை வரலாற்றில் புதியதன்று. எனினும், அவ்வாறு அழைக்கப்பட்ட இளைஞர் உழைப்பாளராக மட்டும் கொள்ளப்பட்டனரா, அன்றித் தீர்மானிக்கும் உரிமை உடையோராகவும் ஏற்கப்பட்டனரா என்ற வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. 1970 முதல் 1977 வரையான காலகட்டத்தை இவ்வினாவின் ஒளியில் நாம் நோக்குவோம்.

தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றில் தங்கியிருந்த பொருளாதாரம் 1960களிலேயே அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டுக்கு உள்ளாகியது. 1973இன் எண்ணெய் விலையுயர்வும் உலக உணவுத் தட்டுப்பாடும் அதனை மேலும் கூர்மையாக்கின. மறுபுறத்தில், 1945இல் வந்த இலவசக் கல்வியாலும் தாய்மொழிக் கல்வியாலும் பயனடைந்த கிராமப்புறத் தலைமுறை வேலையின்றி நின்றது. தென்னிலங்கையில் 1971 ஏப்ரலில் வெடித்த கிளர்ச்சி இம்முரண்பாட்டின் வெளிப்பாடாகும். அதே ஆண்டில் டட்லி சீயர்ஸ் தலைமையிலான சர்வதேச தொழில் தாபனக் குழு, கற்றோரின் எதிர்பார்ப்புக்கும் கிடைக்கக்கூடிய தொழில்களுக்கும் இடையிலான பொருத்தமின்மையைச் சுட்டிக்காட்டியது.

நிதியமைச்சர் கலாநிதி என். எம். பெரேராவின் 1970ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்துடன் முன்வைக்கப்பட்ட பிரதேச அபிவிருத்திச் சபைகள் இதற்கான விடையாகக் கருதப்பட்டன. கிராம சபைகள், கூட்டுறவுச் சங்கங்கள் முதலிய உள்ளூர் அமைப்புக்களின் பிரதிநிதிகளும் அரச அலுவலரும் ஒன்றுகூடித் தம் பிரதேசத்துக்குரிய விவசாய, கைத்தொழில் முயற்சிகளை வகுப்பர். இளைஞர் கூட்டுறவு முறையில் அவற்றை நடத்துவர் என எதிர்பார்க்கப்பட்டது. எண்ணக்கரு முற்போக்கானது. ஆயினும் நடைமுறையில் நிதியும் அங்கீகாரமும் மேலிருந்தே வந்தன. ஆட்களைத் தெரிவு செய்வதில் அரசியற் சிபாரிசு மேலோங்கியது. 1973இல் உருவான மாவட்ட அரசியல் அதிகாரி முறை இப்போக்கை வலுப்படுத்தியது. உருவான தொழில்கள் இலக்கை எட்டவில்லை.

வடபகுதியின் அனுபவம் சற்று வேறானது. மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையால் உப உணவுப் பயிர்ச் செய்கை பெரும் இலாபம் தந்தது. கல்வி கற்ற இளைஞருக்கென 1960களில் விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களில் தொடங்கப்பட்டிருந்த குடியேற்றத் திட்டங்களில், மேட்டு நிலத்துக்கு நீர் இறைத்துச் செய்யப்பட்ட மிளகாய்ச் செய்கை செழித்தது. குடாநாட்டு இளைஞர் பலர் வன்னிக்குச் சென்று காடு வெட்டி நிலம் திருத்தினர். 1971இல் தொடங்கிய தரப்படுத்தலினால் பல்கலைக்கழக வாயில் ஒடுங்கிய காலமும் இதுவே என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. எழுதுவினைஞர் உத்தியோகமே வாழ்வு எனக் கருதிய சமூகத்தில், மண்ணை நம்பி வாழலாம் என்ற எண்ணம் வேரூன்றியமை சிறிய மாற்றமன்று.

எனினும் இச்செழிப்பின் மறுபக்கத்தையும் நாம் காண வேண்டும். 1970களின் உணவுப் பஞ்சத்தினால் தோட்டங்களை விட்டு வன்னிக்கு வந்த மலையகத் தமிழர் அந்நிலங்களிற் கூலிகளாயினர். 1948இன் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றோராக்கப்பட்டிருந்தமையால், அவர்களிற் பெரும்பாலோர்க்கு அரச காணி பெறும் வாய்ப்பு இருக்கவில்லை. ஆகவே, ‘இளைஞர்’ என்ற பொதுச்சொல் வர்க்க வேறுபாட்டை மறைத்து நின்றது.

1977இல் ஆட்சி மாறிற்று. திறந்த பொருளாதாரக் கொள்கையின்கீழ் இறக்குமதி தளர்த்தப்பட, மிளகாய், வெங்காயச் செய்கையாளர் கடும் பாதிப்புக்குள்ளாயினர். காப்பு விலையைத் தந்த கொள்கையை வகுத்தபோதும், அதனைக் கைவிட்டபோதும் செய்கையாளரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. உழைப்பு அவர்களுடையது, தீர்மானம் கொழும்பினுடையது. பின்வந்த ஆண்டுகளில் வடபகுதி இளைஞர் சென்ற பாதைக்கு இன ஒடுக்குமுறையே முதற்காரணம். ஆயின் இப்பொருளாதார நம்பிக்கையிழப்பையும் புறக்கணித்தல் இயலாது.

1990இல் வெளியான இளைஞர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து, உள்ளூராட்சித் தேர்தல் வேட்பாளரில் 40 வீதம் இளைஞராதல் வேண்டும் எனச் சட்டமாயிற்று. 2012இல் அக்கட்டாயம் தளர்த்தப்பட்டது. பத்து ஆண்டுகளின் பின், 2022இன் நெருக்கடியில் இளைஞர் மீண்டும் வீதிக்கு வந்தனர். வீட்டுத்தோட்டம் செய்யுமாறு அவர்களுக்கு அறிவுரை கூறுதல் எளிது. நிலம், நீர், சந்தை, விலை ஆகியன பற்றிய தீர்மானங்களில் பிரதேச இளைஞருக்கு இடமளித்தலே கடினமானது. 1970களின் அனுபவம் எமக்கு உணர்த்துவது, அந்தக் கடினமான பணியைத் தவிர்த்துச் செய்யப்படும் எந்த ஈடுபடுத்தலும் அடுத்த கொள்கை மாற்றத்துடன் அழிந்துவிடும் என்பதையே.