மார்பக இம்பிளான்ட் தேர்வு

மார்பகத்தின் அளவைக் கூட்டவோ, ஒன்றுக்கொன்று ஒவ்வாத இரு மார்புகளைச் சமப்படுத்தவோ, புற்றுநோய்க்காக அகற்றிய மார்பகத்தை மீண்டும் உருவாக்கவோ உடலுக்குள் வைக்கப்படும் பையே மார்பக இம்பிளான்ட். அதன் உறை சிலிக்கோனால் ஆனது. உள்ளே சிலிக்கோன் ஜெல் அல்லது உப்புநீர் இருக்கும். எந்தப் பை, எந்த அளவு, உடலின் எந்த அடுக்கில் என்பதெல்லாம் அறுவைக்கு முந்தைய ஆலோசனைகளில் முடிவாக வேண்டியவை.

தமிழ்நாட்டில் இது நெடுங்காலம் பெருநகரத் தனியார் மருத்துவமனைகளில் வசதி படைத்தோர் செய்துகொள்ளும் சிகிச்சையாகவே இருந்தது. 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி துறையில் மார்பக அறுவைக்கான தனிப் பிரிவை அப்போதைய சுகாதாரத் துறை அமைச்சர் சி. விஜயபாஸ்கர் தொடங்கிவைத்தார். மார்பகத்தைச் சிறிதாக்கும் சிகிச்சையோடு பெரிதாக்கும் சிகிச்சையும் ஏழைகளுக்கு இலவசமாயிற்று. உயிர்காக்கும் சிகிச்சைக்கே நிதி போதாதபோது அழகுக்கு அரசுப் பணமா என்ற எதிர்ப்பும் உடனே எழுந்தது. அந்த எதிர்ப்பு பாதி உண்மையைத்தான் பார்த்தது. ஒரு பக்கம் மட்டும் வளராமல் நின்றுபோன மார்பு, மார்புத் தசை இல்லாமலே பிறக்கும் போலண்ட் குறைபாடு, புற்றுநோய் அறுவைக்குப் பிந்தைய வெறுமை ஆகியவற்றை அழகு என்ற சொல்லுக்குள் அடக்குவது அநியாயம்.

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் மீன் கூடை சுமக்கும் ஒரு பெண்ணுக்கும் இச்சிகிச்சை இப்படித்தான் எட்டும் தொலைவுக்கு வந்தது. ஆனால் சென்னை அங்கிருந்து சுமார் 600 கிலோமீட்டர். இம்பிளான்டைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய உடலுழைப்பும் இந்தத் தொலைவும் மருத்துவ அளவுகளுக்கு இணையாகக் கணக்கில் வர வேண்டும்.

பொருளும் மேற்பரப்பும்

முதல் சிலிக்கோன் ஜெல் இம்பிளான்ட் 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் வைக்கப்பட்டது. தாமஸ் குரோனின், ஃபிராங்க் ஜெரோ என்ற இரு மருத்துவர்கள் டவ் கார்னிங் நிறுவனத்தோடு சேர்ந்து அதை உருவாக்கியிருந்தனர். பாதுகாப்பு பற்றிய ஐயங்களால் 1992இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஜெல் வகையின் பொதுப் பயன்பாட்டை நிறுத்திவைத்து, 2006இல் மீண்டும் அனுமதித்தது. அழகுக்காகப் பெரிதாக்குவதாயின் ஜெல் வகைக்கு 22 வயதும் உப்புநீர் வகைக்கு 18 வயதும் நிறைந்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி.

உப்புநீர்ப் பை கிழிந்தால் ஓரிரு நாளில் மார்பு சுருங்கிவிடும். கசிந்த நீரை உடல் உறிஞ்சிக்கொள்ளும். ஜெல் தொடுவதற்கு இயல்பானது. ஆனால் அது கிழிந்தாலும் பெரும்பாலும் வெளியே தெரியாது, ஸ்கேன்தான் காட்டும். இன்றைய ஜெல் கெட்டியானது, உறை வெட்டுப்பட்டாலும் எளிதில் ஒழுகாது. மெலிந்த உடலில் உப்புநீர்ப் பையின் மடிப்புகள் தோலுக்கு மேல் தெரியும் என்பதால் மருத்துவர்கள் பெரும்பாலும் ஜெல்லையே பரிந்துரைக்கிறார்கள்.

வடிவத்தில் உருண்டையும் துளி வடிவமும் உண்டு. துளி வடிவம் உள்ளே திரும்பிவிட்டால் மார்பின் உருவமே மாறிப்போகும். அதைத் தடுக்க மேற்பரப்பைச் சொரசொரப்பாகச் செய்தார்கள். அந்தச் சொரசொரப்பே பின்னாளில் பெரும் சிக்கலானது. இம்பிளான்டைச் சுற்றி வளரும் அரிய நிணநீர்ப் புற்றுநோய் ஒன்று இவ்வகைப் பைகளோடு தொடர்புடையது எனத் தெரியவந்ததும், 2019 ஏப்ரலில் பிரான்ஸ் மிகச் சொரசொரப்பான வகைகளைத் தடை செய்தது. ஜூலையில் அலெர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகையை உலகெங்கும் திரும்பப் பெற்றது. அறுவைக்குப் பல ஆண்டுகள் கழித்து ஒரு பக்கம் திடீரென நீர் கோத்து வீங்குவது இந்தப் புற்றுநோயின் முதல் அடையாளம். தொடக்கத்தில் கண்டறிந்து பையையும் அதைச் சுற்றி உடல் வளர்த்த உறையையும் முழுதாக எடுத்துவிட்டால் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். புதிதாக அறுவை செய்துகொள்வோருக்கு வழுவழுப்பான உருண்டைப் பையே முதல் தேர்வாக இருப்பது நல்லது.

மலிவு தேடுவோர் அறிய வேண்டிய இன்னொரு வரலாறு பிரான்சின் பி.ஐ.பி. நிறுவனத்துடையது. மருத்துவத் தரமற்ற, தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான சிலிக்கோனை நிரப்பி அது பல நாடுகளுக்கு விற்றது 2010இல் அம்பலமானது. நிறுவனர் ஜான் குளோத் மாஸுக்கு 2013இல் நான்காண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. இந்தியாவில் மார்பக இம்பிளான்ட்கள் 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவி விதிகளுக்கு உட்பட்டவை. திரவ சிலிக்கோனை ஊசியில் ஏற்றி மார்பைப் பெரிதாக்குவதாகச் சொல்லும் இடம் எதுவானாலும் அங்கே போகவே கூடாது. அது உடலெங்கும் பரவி உயிரையே பறிக்கக்கூடும்.

அளவு

முதல் ஆலோசனையில் பெரும்பாலோர் கேட்பது எத்தனை சிசி என்றுதான். அந்தக் கேள்வி தலைகீழானது. 300 சிசி பை அகன்ற மார்புள்ளவரிடம் அடங்கித் தெரியும், ஒடுங்கிய மார்புள்ளவரிடம் முட்டித் தெரியும். முதலில் அளக்க வேண்டியது மார்பகத்தின் அடிப்பக்க அகலம். பையின் விட்டம் அதைத் தாண்டினால் அக்குள் பக்கம் பிதுங்கும் அல்லது நடுவில் இரண்டும் நெருங்கி ஒட்டும். அடுத்து, மேல்பகுதித் தோலைக் கிள்ளிப் பிடித்து அதன் தடிமன் பார்க்கிறார்கள். 2 செண்டிமீட்டருக்குக் குறைந்தால் பையின் விளிம்பு தெரியும் என்பதால் தசைக்கு அடியில் வைப்பதே வழக்கம். தோல் எவ்வளவு இழுபடும் என்பது மூன்றாவது. இந்த மூன்றும் தெரிந்த பிறகு மிஞ்சும் சிறு இடைவெளிக்குள்தான் விருப்பத்துக்கு இடம். உடல் தாங்காத பெரிய பை ஆண்டுகள் செல்லச் செல்லத் தோலை மெலியச் செய்து தொங்கவைக்கும். அதைச் சரிசெய்வது முதல் அறுவையைவிடக் கடினம்.

வைக்கும் இடம்

பையைச் சுரப்பிக்கு அடியில் வைக்கலாம், மார்புத் தசைக்கு அடியில் வைக்கலாம், மேல்பாதி தசைக்கு அடியிலும் கீழ்ப்பாதி சுரப்பிக்கு அடியிலுமாகவும் வைக்கலாம். தசைக்கு அடியில் வைத்தால் பையைச் சுற்றி உடல் போர்த்தும் நார்த்திசு உறை இறுகுவது குறைவு, மேமோகிராமும் தெளிவாக எடுக்கலாம். ஆனால் தசை சுருங்கும்போதெல்லாம் பை அசைந்து மார்பு கோணும். ஏலத்தில் எடுத்த மீனைக் கூடையில் தூக்கி ஏற்றி இறக்கும் பெண்ணுக்கு இது நாள்தோறும் நேரும். அவர் தன் வேலை இன்னதென்று மருத்துவரிடம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். எந்த முறையானாலும் நான்கிலிருந்து ஆறு வாரம் சுமை தூக்கக் கூடாது என்பதால் அந்த நாட்களின் வருமானத்துக்கும் முன்கூட்டியே வழி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனிமேல் குழந்தை பெற்றுப் பாலூட்ட விரும்புவோர் முலைக்காம்பைச் சுற்றிய வெட்டைத் தவிர்த்து, மார்பின் அடிமடிப்பில் வெட்டைக் கேட்பது நல்லது. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களிடம் இம்பிளான்டைச் சுற்றிய உறை இறுகும் வாய்ப்பு அதிகம். அவர்களுக்கு அடிவயிற்றுத் திசுவைக் கொண்டு மார்பகம் அமைப்பது பெரும்பாலும் மேல். திருநங்கையர் ஹார்மோன் சிகிச்சையில் ஓராண்டாவது இருந்து, மார்பு தானாக வளர்வதைப் பார்த்துவிட்டு அளவை முடிவு செய்வது பயன் தரும்.

உடலின் மறுமொழி

தூத்துக்குடி மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி மைய ஆய்வகத்தில் 1973இல் கே. அழகர்சாமி இந்தியாவில் முதன்முறையாக முத்துச் சிப்பிக்குள் கரு வைத்து உருண்டை முத்து விளைவித்தார். உள்ளே வந்த அயல்பொருளைச் சிப்பி தன் பூச்சால் மூடுவதுபோல மனித உடலும் இம்பிளான்டைச் சுற்றி நார்த்திசு உறை போர்த்துகிறது. இது இயல்பானது. சிலருக்கு அந்த உறை இறுகி மார்பு கல்லாகும், வலிக்கும். அப்போது மறு அறுவை வேண்டும்.

எந்த இம்பிளான்டும் ஆயுள் முழுதும் வருவதல்ல. அழகுக்காக வைத்துக்கொள்வோரில் 20 விழுக்காட்டினர் வரை எட்டிலிருந்து பத்து ஆண்டுகளுக்குள் அகற்ற நேர்கிறது என்கிறது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம். ஜெல் வகைக்கு ஐந்தாறு ஆண்டுகளில் முதல் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ, பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை என்பது அதன் பரிந்துரை. முதல் அறுவை இலவசமானாலும் இந்தச் சோதனைகளும் மறு அறுவையும் எங்கே, யார் செலவில் என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சோதனைக்கு ஒவ்வொரு முறையும் சென்னைக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸ் ரயில் ஏறுவது கூலிக்குப் போகும் பெண்ணுக்கு முடியாத காரியம். ஸ்கேனையாவது தூத்துக்குடியிலோ திருநெல்வேலியிலோ எடுத்துச் சென்னை மருத்துவருக்கு அனுப்ப ஏற்பாடு செய்துகொள்ளலாம். நிறுவனப் பெயர், வகை, அளவு, வரிசை எண் கொண்ட இம்பிளான்ட் அட்டையை அறுவை நாளிலேயே கேட்டு வாங்கி, மேமோகிராம் எடுக்கும்போதெல்லாம் காட்ட வேண்டும்.