'கொலைகாரத் தத்துக் குழந்தை': திரை காட்டுவது ஒன்று, மருத்துவம் சொல்வது வேறு

1990-ல் அமெரிக்காவின் ஹெச்பிஓ ஒளிபரப்பிய 'சைல்ட் ஆஃப் ரேஜ்' ஆவணப்படத்தின் துண்டுகள் இன்னும் யூடியூப்பில் சுற்றுகின்றன. தத்தெடுக்கப்பட்ட சிறுமி ஒருத்தி, தம்பியைக் கொல்ல நினைத்ததைச் சலனமே இல்லாமல் சொல்வாள். பிணைப்புக் குறைபாடுன்னாலே பலருக்கு அந்த முகம்தான்.

மருத்துவ வரையறை வேறு. 2013-ல் வெளியான டிஎஸ்எம்-5 கையேட்டின்படி, 'ரியாக்டிவ் அட்டாச்மென்ட் டிஸ்ஆர்டர்' உள்ள குழந்தை தாக்காது, ஒதுங்கும். அழும்போதுகூட ஆறுதல் தேடி யாரிடமும் போகாது, தூக்கினாலும் ஒட்டாது. காரணம் புரியாத எரிச்சல், சோகம், பயம் வரலாம். கடும் புறக்கணிப்பில் வளர்ந்தவர்களிடமே காணப்படுவது, அவர்களிலும் அரிது. கொடூரம், பொய், திருட்டு எதுவும் அறிகுறிப் பட்டியலில் இல்லை.

சரி, ஒரு படம் மிகைப்படுத்தினால் என்ன? பிள்ளை ஆபத்தானவள் என்று நம்பிவிட்டால், அவள் சொல்வது எல்லாமே தந்திரமாகத் தெரியும். 2000 ஏப்ரலில் கொலராடோவில் 10 வயது தத்துச் சிறுமிக்கு 'மறுபிறப்பு' சிகிச்சை நடந்தது. துணியில் சுற்றி, தலையணைகளை வைத்துப் பெரியவர்கள் அழுத்தினார்கள். மூச்சுவிட முடியவில்லை என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. சுமார் 70 நிமிடம் கழித்துப் பிரித்தபோது அசைவில்லை, மறுநாள் இறந்தாள். சிகிச்சையாளர்கள் இருவருக்கும் தலா 16 ஆண்டு சிறை. அடுத்த ஆண்டு மாநிலம் அந்த முறையைத் தடைசெய்தது. எல்லாம் வீடியோவில் பதிவாகியிருந்தது என்பதுதான் கொடுமை.

உண்மையான சிகிச்சை பார்க்கச் சுவாரசியமற்றது: மாறாத ஒரு பராமரிப்பாளர், அவருக்குப் பயிற்சி, நிறைய நாட்கள். யாராவது 'அட்டாச்மென்ட் தெரபி' என்றால், குழந்தையைப் பிடித்து அழுத்துவீர்களா என்று முதலில் கேளுங்கள். ஆமாம் என்றால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.