ஒரே நாள், இரு விபத்துகள்

'நாள் செய்வது நல்லார் செய்யார்' என்பது தமிழ் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. நற்காரியம் தொடங்குவோர் பஞ்சாங்கம் பார்க்கின்றனர்; துன்பம் நேர்ந்தபின் அந்த நாளையே பழிக்கின்றனர். ஒரே தேதியில் இருமுறை பேரிடர் நிகழுமாயின், அத்தேதிக்கே ஏதோ தீய ஆற்றல் உண்டென்று எண்ணத் தோன்றுவது இயல்பே. டிசம்பர் 4 அத்தகைய எண்ணத்துக்கு இடந்தரும் நாளாகும்.

இலங்கையின் மலைநாட்டிலே, அட்டனுக்கும் மஸ்கெலியாவுக்கும் அண்மையில், தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே வரிசையாக நிற்கும் சிகரங்களை மக்கள் ஏழு கன்னியர் மலை என்று அழைக்கின்றனர். 1974-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் இரவு பத்து மணிக்குமேல், அம்மலையின்மீது ஓர் ஆகாய விமானம் மோதிச் சிதறியது. நெதர்லாந்து நாட்டு மார்ட்டின் ஏர் நிறுவனத்தின் அந்த டி.சி. 8 விமானம், இந்தோனேசியாவின் சுராபாயா நகரிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு, கட்டுநாயக்க வழியாக ஜெத்தாவுக்குச் செல்ல வந்தது. யாத்திரிகர் 182 பேர், பணியாளர் 9 பேர். அந்த 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இலங்கை மண்ணில் நிகழ்ந்த விமான விபத்துகளுள் இதுவே மிகப் பெரியது.

விமானம் மோதிய இடம் கடல் மட்டத்திலிருந்து 4,300 அடிக்கு மேற்பட்ட உயரம். விமான நிலையமோ இன்னும் சுமார் 40 கடல் மைலுக்கு அப்பால் இருந்தது. விமானத்தின் கருவிகள் காட்டிய கணக்கை நம்பிய விமானிகள், நிலையத்தை நெருங்கிவிட்டதாகக் கருதி இருளிலே கீழிறங்கினர் என்பதே விசாரணையில் கண்ட முடிவு. மாண்டவர்களுள் மிகப் பெரும்பாலோரை இன்னார் என்று அடையாளம் காண இயலவில்லை. தாயகம் திரும்பாத அவர்கள் அம்மலைப் பகுதியிலேயே அடக்கம் செய்யப்பட்டனர்.

சரியாக மூன்றாண்டுகள் கழித்து, 1977-ஆம் ஆண்டு அதே டிசம்பர் 4-ஆம் நாள், பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் பறந்த மலேசிய விமானமொன்று நடுவானில் கடத்தப்பட்டது. சிங்கப்பூரை நோக்கித் திருப்பப்பட்ட அவ்விமானம், ஜொகூர் மாநிலத்தின் தஞ்சோங் குப்பாங் என்னுமிடத்தில் விழுந்தது. அதிலிருந்த 100 பேரும் மாண்டனர். விமானியறையில் துப்பாக்கி வெடித்த ஒலி பதிவாகியிருந்தது. கடத்தியவர் யாவர் என்பது இறுதிவரை ஐயமறத் துணியப்படவில்லை. இங்கும் உடல்களை அடையாளம் காண இயலாமல் ஒரே இடத்தில் அடக்கம் செய்தனர். அந்நினைவிடம் ஜொகூர் பாருவில் ஜாலான் கெபுன் தே என்னும் தெருவில் உள்ளது. அம்மலாய்ப் பெயருக்குத் தேயிலைத் தோட்டச் சாலை என்பது பொருள்!

தேதியும் ஒன்று, துயரமும் ஒன்று, தேயிலையின் பெயர்கூட இரண்டிடத்தும் வந்து நிற்கிறது. ஆயினும் இவ்விரண்டுக்கும் காரணத்தில் உறவே இல்லை. முன்னது வழிக்கணக்கில் நேர்ந்த பிழை. பின்னது மனிதனின் வன்செயல்.

மஸ்கெலியா விபத்துக்கு உறவான நிகழ்ச்சியைத் தேடுவோர் வேறு தேதிகளையே பார்த்தல் வேண்டும். அதற்கு மூன்று நாள் முன்னர், 1974 டிசம்பர் 1-ஆம் நாள், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், பழுதற்ற விமானமொன்று வாஷிங்டன் அருகே தரையிறங்கும் வேளையில் மலையில் மோதி 92 பேர் மாண்டனர். 1978 நவம்பர் 15-ஆம் நாள், ஹஜ் முடித்து இந்தோனேசியாவுக்குத் திரும்பியவர்களை ஏற்றிவந்த மற்றொரு டி.சி. 8 விமானம், கட்டுநாயக்க ஓடுபாதையை எட்டுமுன்னரே தாழ இறங்கித் தென்னந்தோப்பில் வீழ்ந்தது. அதிலிருந்த 262 பேரில் 183 பேர் மாண்டனர். நிலம் எவ்வளவு அண்மையில் இருக்கிறது என்பதை அறியாது இறங்கியதே இம்மூன்றிலும் பொதுவாகக் காணப்படும் பிழை.

வர்ஜீனியா விபத்தையடுத்து, நிலம் நெருங்குவதை முன்னறிவித்து எச்சரிக்கும் கருவியைப் பயணிகள் விமானங்களில் பொருத்துமாறு அமெரிக்கா கட்டளையிட்டது. பின்னர் அதனை உலக நாடுகள் பலவும் மேற்கொண்டன. மலைகளின் உயரத்தையே தன்னுள் பதித்துவைத்திருக்கும் செம்மையான கருவிகளும் பிற்காலத்தில் தோன்றின. எத்தனையோ உயிர்களை இவை காத்துள்ளன. நாளைப் பழித்திருந்தால் இக்கருவி பிறந்திராது. காரணத்தை ஆராய்ந்ததனாலேயே பிறந்தது.

எனினும் தேதிக்கும் ஒரு கடமை உண்டு. அது இறந்தோரை நினைவூட்டுவது. முன்பின் அறியாத நாட்டின் மலைச்சாரலில் பெயர் தெரியாமல் உறங்கும் அந்த யாத்திரிகர்களை ஆண்டுக்கொரு முறையேனும் எண்ணிப் பார்க்க டிசம்பர் 4 பயன்படுமாயின், அதனைத் தீய நாள் என்று ஒதுக்க வேண்டுவதில்லை.