குசினி எங்கே இருந்தது?

வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் வரலாற்றை எழுத உட்காருகிறவர்கள் ஒட்லி மண்டபத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். நிற்கக்கூடிய கட்டடம்தான். 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிகள் அங்கே பாழடைந்து கிடந்த ஒல்லாந்தர் தேவாலயத்தைத் திருத்திக்கொண்டார்கள். அந்த வளவில் 1823இல் செமினரி தொடங்கியது. டானியல் பூவர் முதல் அதிபர். மண்டபத்துக்கு வைத்த பெயர் இலங்கையின் பிரதம நீதியரசராயிருந்த றிச்சர்ட் ஒட்லியுடையது. கல் சுமந்தவன் பெயரை எவர் வைப்பார்!

வானசாஸ்திரமும் கணிதமும் தமிழ் இலக்கணத்தோடு சேர்த்துப் படிப்பிக்கப்பட்ட இடம் அது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாகத் தேறிய சி.வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் இங்கே படித்தவர்கள். பின்னாளில் கலித்தொகையை அச்சுக்குக் கொண்டுவந்தவர் தாமோதரம்பிள்ளை. ஆகவே நம் இலக்கிய வரலாறும் இந்த வளவுக்குக் கடன்பட்டிருக்கிறது. மறுக்கவில்லை.

ஆனால் குசினியின் கதையை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. மிஷனின் ஆரம்பகால விடுதிப் பிள்ளைகள் கிறிஸ்தவனுடைய வளவுக்குள் சாப்பிட மாட்டோம் என்றார்கள். பக்கத்துச் சைவரின் காணியில் தனியாகச் சமையல் கொட்டில் போட வேண்டியதாயிற்று. எமர்சன் டெனன்ட் 1850இல் வெளிவந்த தன் நூலில் இதைச் சொல்கிறார். படிப்பு வேலிக்கு இந்தப் பக்கம், சோறு அந்தப் பக்கம். பிறகு குசினி உள்ளே வந்தது, வாஸ்தவம். கூடவே வேலியும் உள்ளே வந்துவிட்டது என்பதுதான் என் வாசிப்பு. செமினரி மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளாளர். புதிய அறிவு சாதியைக் கரைத்தது என்று விழா மலர்களில் எழுதுவது சுலபம். அந்த அறிவு யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்டால் மலர் வாடிப்போகும்.

1855இல் செமினரி மூடப்பட்டது. பொஸ்டனிலிருந்து வந்த ரூஃபஸ் ஆண்டர்சன் குழு கண்ட குறை சாதியல்ல, ஆங்கிலம். ஆங்கிலம் படித்தவர்கள் கிராமத்து ஊழியத்தை விட்டு உத்தியோகம் தேடிப் போகிறார்களாம். மிஷனுக்கு வலித்த இடம் அது. உள்ளூர்க்காரர் விடவில்லை, 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரியாக அது மறுபடி எழுந்தது. அவர்களுக்கும் வேண்டியிருந்தது அந்த ஆங்கிலம்தான்.

குசினிக் கதை அதோடு முடிந்துபோகவில்லை. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், உதவி பெறும் பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாய் உட்கார வேண்டும் என்று உத்தரவு வந்தபோது யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்களைக் கொளுத்தினார்கள். அதுவரை அந்தப் பிள்ளைகள் பலர் இருந்து படித்தது வாங்கில் அல்ல, தரையில்.