ஆட்டக் கோட்பாடும் நீதியும்

சமூகப் பிணக்குகளைக் கணிதம் தீர்க்குமா? 1948இல் ஆங்கிலிக்கன் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்ற தத்துவ அறிஞர் பிரெய்த்வெய்ட், 1954இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய பேருரையில் ஆட்டக் கோட்பாட்டைக் கொண்டு இதனை ஆராய்ந்தார்.

அவர் கற்பித்த எடுத்துக்காட்டில், அடுத்தடுத்த வீடுகளில் லூக்கா பியானோ வாசிக்கிறார். மத்தேயு எக்காளம் ஊதுகிறார். இருவருக்கும் ஓய்வு ஒரே வேளையில். ஒருவர் இசை மற்றவருக்கு இடையூறு. 43 மாலைகளில் லூக்காவுக்கு 17, மத்தேயுவுக்கு 26 என்பது அவர் கண்ட தீர்வு. ஏனெனில் லூக்கா இரைச்சலினும் அமைதியை விரும்புகிறார். மத்தேயுவோ அமைதியினும் இரைச்சலை விரும்புகிறார். உடன்பாடு முறிந்தால் மத்தேயுவுக்கே இழப்புக் குறைவு.

அச்சுறுத்தும் ஆற்றலுக்கேற்பப் பங்கிடுவது நீதியன்று என 1958இல் ஜான் ரால்ஸ் மறுத்துரைத்தார். சபைப் பிணக்குகளில் நடுவராய் அமரும் நாமும், உரத்துக் கூவுவோருக்குப் பெரும்பங்கு அளித்துவிட்டு அதனைச் சமாதானம் என்று அழைக்கிறோமா எனச் சிந்தித்தல் தகும்.