மாஸ்க்ஸ் (பாத்திரமேற்பு விளையாட்டு)

மாஸ்க்ஸ்: எ நியூ ஜெனரேசன் என்பது பதின்ம வயது மீநாயகர்களின் வாழ்வைக் கருவாகக் கொண்ட, மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடப்படும் பாத்திரமேற்பு விளையாட்டு ஆகும். சூப்பர் ஹீரோ எனப் பரவலாக அறியப்படும் மீவல்லமை பெற்ற வீரரே இங்கு மீநாயகர் எனப்படுகிறார். பிரெண்டன் கான்வே வடிவமைத்த இவ்விளையாட்டிற்கு 2015 ஆம் ஆண்டு கிக்ஸ்டார்ட்டர் தளத்தின் வழியாக நிதி திரட்டப்பட்டது. அமெரிக்காவின் மேக்பை கேம்ஸ் நிறுவனம் 2016 இல் இதனை நூலாக வெளியிட்டது.

பாத்திரமேற்பு விளையாட்டில் பலகையோ காய்களோ இன்றியமையாதவை அல்ல. ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரை ஏற்று, அவர் என்ன செய்கிறார், என்ன பேசுகிறார் என்பதை வாய்மொழியாகக் கூறுவர். ஒருவர் மட்டும் ஆட்ட நடத்துநராக இருந்து, சூழலையும் எஞ்சிய மாந்தர் அனைவரையும் தம் பேச்சால் உருவாக்குவார். விளைவு உறுதியாகத் தெரியாத இடத்தில் பகடை உருட்டப்படும். ஒரே குழுவினர் ஒரே மாந்தர்களைக் கொண்டு பல அமர்வுகளாக நீட்டித்து ஆடுவது தொடராட்டம் எனப்படும்.

மீநாயகர் ஆட்டங்கள் பெரும்பாலானவை ஒருவர் எவ்வளவு எடையைத் தூக்குவார், எவ்வளவு வேகமாகப் பறப்பார் என்பனவற்றை எண்களால் அளக்கின்றன. மாஸ்க்சில் அத்தகைய அளவுகள் இல்லை. ஓர் இளைஞர் தம்மை யாராகக் கருதுகிறார் என்பதும், அக்கருத்தை மாற்றும் ஆற்றல் யாரிடம் உள்ளது என்பதுமே இதில் எண்களாகின்றன.

பின்னணி

அமெரிக்க வரைகதைகளில் பதின்ம வயதினர் நெடுங்காலம் துணைப்பாத்திரங்களாகவே இருந்தனர். 1940 இல் அறிமுகமான ராபின், பேட்மேனின் உதவியாளனாகவே வந்தான். 1962 இல் ஸ்டான் லீ, ஸ்டீவ் டிட்கோ ஆகியோர் படைத்த ஸ்பைடர் மேன், பள்ளி மாணவன் ஒருவனையே முதன்மை நாயகனாக்கியது. பெரிய நாயகர்களின் இளம் உதவியாளர்கள் தமக்குள் ஒன்றுசேரும் கதை 1964 இல் வெளிவந்து டீன் டைட்டன்ஸ் தொடராக வளர்ந்தது. மார்வ் உல்ஃப்மன், ஜார்ஜ் பெரெஸ் இருவரும் 1980 இல் அதனைப் புதுப்பித்தபோது, சண்டைகளுக்கு இணையாகக் குடும்பப் பூசலும் நட்பும் ஐயமும் கதையில் இடம்பெற்றன. தம் பெற்றோரே கொடியோர் எனக் கண்டறிந்து வீட்டைவிட்டு வெளியேறும் பிள்ளைகளைப் பற்றிய ரன்அவேஸ் தொடர் 2003 இல் தொடங்கியது.

மாஸ்க்ஸ் இக்கதை மரபின் வழிவந்தது. இதன் ஆட்டவிதிகளோ, டி. வின்சென்ட் பேக்கர், மெகுவே பேக்கர் ஆகியோர் 2010 இல் வெளியிட்ட அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்னும் ஆட்டத்திலிருந்து கிளைத்தவை. அம்முறையில் ஆட்ட நடத்துநர் பகடை உருட்டுவதே இல்லை. ஆடுவோர் மட்டுமே இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டி உரிய எண்ணைக் கூட்டுவர். பத்தும் அதற்கு மேலும் வந்தால் முழு வெற்றி. ஏழு முதல் ஒன்பது வரை வந்தால் குறையோடு கூடிய வெற்றி. ஆறும் அதற்குக் கீழும் வந்தால் அடுத்து நிகழ்வதை நடத்துநர் முடிவு செய்வார்.

கதை நிகழுமிடம் ஹால்சியன் நகரம் என்னும் கற்பனை நகரமாகும். அங்கு பொன், வெள்ளி, வெண்கலம் என மூன்று தலைமுறை மீநாயகர்கள் முன்னரே தோன்றிவிட்டனர். ஆடுவோர் ஏற்பது நான்காம் தலைமுறையை. எனவே அவர்கள் எதைச் செய்தாலும், அதை முன்பே செய்து புகழோ பழியோ பெற்ற மூத்தவர் ஒருவர் அந்நகரில் இருப்பார்.

முத்திரைகள்

ஒவ்வொரு கதைமாந்தருக்கும் ஐந்து முத்திரைகள் உண்டு. ஆபத்தானவர், விசித்திரமானவர், காப்பவர், மேம்பட்டவர், சாதாரணமானவர் என்னும் பொருள்பட அவை பெயரிடப்பட்டுள்ளன. ஒவ்வொன்றின் மதிப்பும் -2 முதல் +3 வரை அமையும். அச்சுறுத்தலை நேருக்குநேர் எதிர்க்கும்போது ஆபத்தானவர் முத்திரையின் மதிப்பும், வல்லமையைக் கட்டவிழ்க்கும்போது விசித்திரமானவர் முத்திரையின் மதிப்பும், பிறரைக் காக்கும்போது காப்பவர் முத்திரையின் மதிப்பும் பகடையோடு கூட்டப்படும். சூழலை ஆராய்வதற்கும் ஒருவரைச் சீண்டித் தூண்டுவதற்கும் மேம்பட்டவர் முத்திரை உதவும். தோழரைத் தேற்றுவதற்கும் ஒருவரது முகமூடிக்குப் பின்னுள்ள மனத்தை அறிவதற்கும் வேண்டப்படுவது சாதாரணமானவர் முத்திரையே. தம்மைச் சாதாரண மனிதராகக் கருத இயலாதவரால் பிறருக்கு ஆறுதல் கூற இயலாது என்பது இவ்விதியில் பொதிந்துள்ள கருத்தாகும்.

முத்திரைகள் நிலையானவை அல்ல. ஒன்று ஒரு படி ஏறும்போது மற்றொன்று ஒரு படி இறங்கும். இம்மாற்றம் சிறியதாகத் தோன்றினும் அதன் விளைவு பெரிது. இரண்டு பகடைகளை உருட்டுவதில் 36 வாய்ப்புகள் உள்ளன. மதிப்பு +2 ஆக உள்ளவர் அவற்றுள் 6 வாய்ப்புகளில் மட்டுமே ஆறும் அதற்குக் கீழும் பெறுவார். மதிப்பு சுழியமாயின் அது 15 வாய்ப்பாகவும், -2 ஆயின் 26 வாய்ப்பாகவும் உயரும். நேற்றுவரை எளிதாகச் செய்த ஒன்றை, தம்மைப் பற்றிய கருத்து மாறியதால் இன்று செய்ய முடியாமற் போகும் பதின்ம வயது அனுபவம் இங்கு கணக்காகவே வெளிப்படுகிறது. ஆறும் அதற்குக் கீழும் பெறுவதிலும் ஒரு பயனுண்டு. அவ்வாறு தவறும் ஒவ்வொரு முறையும் ஒரு வளர்ச்சிப் புள்ளி கிடைக்கும். ஐந்து புள்ளிகள் சேர்ந்தால் மாந்தர் புதிய திறன் ஒன்றைப் பெறலாம்.

செல்வாக்கு

முத்திரைகளை மாற்றுவது யார் என்னும் வினாவிற்கு விடையாக அமைவது செல்வாக்கு என்னும் விதி. ஒருவரது சொல் ஓர் இளைஞரைப் பாதிக்குமாயின், அவருக்கு அவ்விளைஞர் மீது செல்வாக்கு உண்டு எனப்படும். தோழர்களுக்குள் இது கொடுக்கப்படவும் பறிக்கப்படவும் கூடியது. பெரியவர்களுக்கோ தொடக்கத்திலேயே இளைஞர் அனைவர் மீதும் செல்வாக்கு உண்டு. பெற்றோர், ஆசிரியர், மூத்த மீநாயகர் மட்டுமன்றி எதிரியாக வரும் கொடியவரும், வயது வந்தவராயின், இதில் அடங்குவார். ஆட்டத்தின் உயிர்நாடி இவ்விதியே எனலாம்.

செல்வாக்குடைய ஒருவர் "நீ இப்படிப்பட்டவன்" என்றோ "உலகம் இப்படித்தான் இயங்கும்" என்றோ கூறும்போது, கேட்பவர் அதனை ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். ஏற்றால் நடத்துநர் அச்சொல்லிற்கு ஏற்ப ஒரு முத்திரையை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துவார். மறுத்தால் பகடை உருட்ட வேண்டும். அதில் வென்றவர் தம் விருப்பப்படி முத்திரைகளை மாற்றலாம், அல்லது சொன்னவரின் செல்வாக்கை நீக்கலாம், அல்லது அச்சொல் பொய்யென உடனே செயலில் காட்டித் தம் மனச்சுமையொன்றை இறக்கலாம். தோற்றவருக்கோ முத்திரை மாறுவதோடு மனச்சுமையும் கூடும்.

எடுத்துக்காட்டாக, கீழே விழவிருந்த பேருந்தைத் தாங்க முயன்ற இளம்பெண் ஒருத்தி பாலத்தின் ஒரு பகுதியை உடைத்துவிட்டாள் எனக் கொள்வோம். அங்கு வந்த மூத்த வீரர் "உன்னைக் கட்டுப்படுத்தாவிட்டால் ஊருக்கே கேடு" என்கிறார். அவள் அதை ஏற்றால் ஆபத்தானவர் முத்திரை உயர்ந்து காப்பவர் முத்திரை தாழும். அடுத்த சண்டையில் அவள் இன்னும் நன்றாக அடிப்பாள். ஆனால் எவரையும் காப்பது அவளுக்கு அரிதாகிவிடும். வீரரின் சொல்லே அவளை அவர் அஞ்சிய வடிவத்திற்குத் தள்ளியிருக்கும்.

மனநிலைகள்

மாஸ்க்சில் உடற்காயத்திற்குக் கணக்கில்லை. அடி வாங்கியவர் அச்சம், சினம், குற்றவுணர்வு, நம்பிக்கையிழப்பு, தன்னையே ஐயுறுதல் ஆகிய ஐந்து மனநிலைகளுள் ஒன்றைக் குறித்துக்கொள்வார். ஒவ்வொன்றும் குறிப்பிட்ட சில செயல்களில் இரண்டு புள்ளிகளைக் குறைக்கும். அச்சமுற்றவருக்கு நேரடி மோதல் கடினமாகும். சினமுற்றவருக்குப் பிறரைத் தேற்றுவது கடினமாகும். ஐந்தும் குறிக்கப்பட்டபின் மேலும் ஒன்று குறிக்க நேர்ந்தால் அவர் அக்காட்சியிலிருந்து வீழ்கிறார்.

இம்மனநிலைகளிலிருந்து மீள இரு வழிகள் உள்ளன. தோழர் ஒருவர் வந்து தேற்றலாம். அல்லது மனநிலைக்குரிய செயலைச் செய்து தாமே அதனைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அச்செயல்களுள் பல நன்மையானவை அல்ல. சினம் தீர ஒருவரைப் புண்படுத்தவோ முக்கியமான ஒன்றை உடைக்கவோ வேண்டும். அச்சம் தீரக் கடினமான ஒன்றிலிருந்து ஓட வேண்டும். தன்னை ஐயுறுபவர் தோழரைக் கலக்காமல் முரட்டுத்துணிச்சலான செயலில் இறங்க வேண்டும். ஆகவே தனித்து மீள்பவர் புதிய சிக்கலொன்றை உண்டாக்கியே மீள்கிறார். நடத்துநர் கதைச்சிக்கல்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரு சண்டை முடிந்ததும் அவை தாமாகவே மேசைக்கு வந்துசேரும்.

தொடராட்டத்தை நடத்துதல்

ஆட்ட நடத்துநர் முழுக்கதையையும் முன்கூட்டி எழுதிவைப்பது இவ்விளையாட்டிற்கு ஒவ்வாது. என்ன மாறுகிறது என்பதை ஆடியே கண்டறிய வேண்டும் என நூல் வலியுறுத்துகிறது. முதல் அமர்வில் ஆடுவோர் பாத்திர ஏடுகளுள் ஒன்றைத் தேர்வர். அடிப்படை நூலில் பத்து ஏடுகள் உள்ளன. புகழ்பெற்ற மரபின் வாரிசு, மூத்த நாயகரின் சீடர், மனித உருவை இழந்தவர், முடிவு நெருங்குவதை அறிந்தவர், வீட்டுக்கும் முகமூடிக்கும் இடையே பிளவுண்டவர் என ஒவ்வோர் ஏடும் வல்லமையின் வகையைக் காட்டிலும் வளரிளம் பருவத்தின் ஒரு சிக்கலையே குறிக்கிறது. ஒருவர் நெருப்பைக் கக்குவாரா பறப்பாரா என்பது இரண்டாம் நிலையே.

ஏட்டிலுள்ள வினாக்களுக்கு ஆடுவோர் கூறும் விடைகளே நடத்துநரின் மூலப்பொருள். தாயார் எத்தகையவர், குரு எதை மறைக்கிறார், குழு முதன்முதலில் ஒன்றுசேர்ந்தபோது எது உடைந்தது என்பன அங்கிருந்தே கிடைக்கும். அவ்விடைகளைக் கொண்டு ஒவ்வோர் இளைஞரைச் சுற்றியும் இரண்டு அல்லது மூன்று பெரியவர்களை அமைப்பதும், அவர்கள் அவ்விளைஞரை வெவ்வேறு முத்திரையை நோக்கி இழுக்குமாறு செய்வதும் நல்ல தொடக்கமாகும். குரு மேம்பட்டவனாக்க முயல்கையில் தந்தை சாதாரணமாக இருக்கச் சொல்வார்; நாளிதழோ ஆபத்தானவன் என எழுதும். இருவர் ஒரே திசையில் இழுத்தால் அவர்களுள் ஒருவர் கதைக்குத் தேவையற்றவர்.

பெரியவர் அனைவரையும் கொடியவராகவோ மூடராகவோ காட்டுவது புதிய நடத்துநர்களிடம் மிகுதியாகக் காணப்படும் குறை. அவ்வாறாயின் ஒவ்வொரு சொல்லையும் மறுப்பதே எளிய வழியாகிவிடும்; ஏற்பதா மறுப்பதா என்னும் தயக்கம் மறைந்துபோகும். அன்போடு பேசித் தவறாக வழிகாட்டும் அத்தையும், கடுமையாகப் பேசிச் சரியாகச் சொல்லும் ஆசிரியரும் ஆட்டத்திற்கு வேண்டியவர்கள். இதற்கு எதிரான குறை, ஒவ்வோர் உரையாடலிலும் முத்திரைகளை மாற்றிக்கொண்டே இருப்பது. ஓர் அமர்வில் ஒவ்வொருவருக்கும் ஓரிரு முறை நிகழ்ந்தால் அம்மாற்றம் நினைவில் நிற்கும். பத்து முறை நிகழ்ந்தால் அது வெறும் கணக்கெழுத்தாகிவிடும்.

எதிரிகளுக்கும் மனநிலைகளே உயிர்க்கணக்கு. சிறிய எதிரிக்கு ஒன்று போதும். பெரும் எதிரிக்கு ஐந்தும் உண்டு. ஒரு மனநிலை குறிக்கப்பட்டவுடன் எதிரி அதற்கேற்ப எதிர்வினை புரிவார். சினமுற்றால் கட்டடத்தைத் தகர்ப்பார், அஞ்சினால் பிணையாள் ஒருவரைப் பற்றுவார். இதனால் சண்டைகள் நீளாமல் விரைவில் திருப்பம் பெறுகின்றன. எதிரிக்கு ஒரு நோக்கமும், ஓர் இளைஞரிடம் அவர் நேரில் சொல்ல விரும்பும் ஒரு வாக்கியமும் இருந்தால், அவரது குத்தைவிட அவ்வாக்கியமே நெடுநாள் வலிக்கும்.

குழுவாகச் சண்டையில் இறங்கும்போது குழுச் சேமிப்பு என்னும் பொதுக் குவியலில் புள்ளிகள் சேரும். தலைமை ஏற்பவரை அனைவரும் நம்பினால் அவை கூடும். குழுவினுள் அவநம்பிக்கை இருந்தால் குறையும். அப்புள்ளிகளைத் தோழரின் பகடைக்கு உதவியாகச் செலவிடலாம். தன்னலமாக நடந்து, அதனைச் செலவிட்டுத் தம் முத்திரைகளையே மாற்றிக்கொள்ளவும் விதி இடமளிக்கிறது. தலைவர் யார் என்ற பூசல் சண்டையின் நடுவே வெடிப்பதற்கு இவ்விதியே பெரும்பாலும் காரணம்.

அமர்வு முடிவில் ஒவ்வொருவரும் குழுவோடு நெருங்கினாரா, குழுவிலிருந்து விலகினாரா, தம்மைப் பற்றிய தெளிவு பெற்றாரா என்பதனுள் ஒன்றைத் தேர்ந்து காரணம் கூற வேண்டும். நேரமின்மையால் இதனைத் தவிர்க்கும் குழுக்கள் உண்டு. ஆயினும் அடுத்த அமர்வை எங்கே தொடங்குவது என்பதை நடத்துநர் அறிந்துகொள்ளும் இடம் இதுவாகையால், ஒரு சண்டையைச் சுருக்கியேனும் இதற்கு நேரம் ஒதுக்குவது தகும்.

மேசையில் பேணவேண்டியவை

கதைமாந்தர் பதின்ம வயதினராயினும் ஆடுவோர் பலர் பெரியவர்கள். "நீ விசித்திரமானவன்" என்பது போன்ற சொற்களை அவர்கள் தம் இளமையில் உண்மையாகவே கேட்டிருக்கக்கூடும். மாணவர்கள் ஆடும் மேசையிலோ அச்சொற்கள் இன்றும் புதியனவாகவே இருக்கும். ஆகவே எந்தப் பொருள்கள் கதையில் வரக்கூடாது, எவை காட்சிக்கு வெளியே நிகழ்ந்ததாக விடப்பட வேண்டும் என்பதை முதல் அமர்விலேயே பேசி முடிவு செய்வது வழக்கம். ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் உருவாக்கிய எக்ஸ் அட்டையும் பல மேசைகளில் பயன்படுகிறது. அதனைத் தொட்டவர் காரணம் கூறத் தேவையின்றி, நிகழும் காட்சி மாற்றப்படும்.

நடத்துநர் கடுஞ்சொல் கூறும்போது எந்த மாந்தர் அதைச் சொல்கிறார் என்பதைத் தெளிவாக்குவதும் முக்கியம். "தளபதி உன்னைப் பார்த்துச் சொல்கிறார்" எனத் தொடங்கும் வாக்கியம் ஆடுபவரையும் அவர் ஏற்ற மாந்தரையும் பிரித்து நிறுத்துகிறது.

தொடராட்டத்தின் நிறைவு

மாந்தர் வளர வளரச் செல்வாக்கு விதி தளரும். ஒருவரது செல்வாக்கைத் தம்மீதிருந்து நிலையாக நீக்கும் வாய்ப்பு வளர்ச்சிப் பட்டியலிலேயே உள்ளது. ஐந்து முறை வளர்ந்தபின், ஒரு முத்திரையை இனி எவராலும் மாற்ற முடியாதவாறு பூட்டிவிடவும், பெரியவர்க்குரிய செயல்களைப் பெறவும், பாத்திர ஏட்டையே மாற்றவும் இயலும். இறுதியாக, மீநாயக வாழ்விலிருந்து விலகலாம் அல்லது நகரத்தின் முன்னோடி வீரர்களுள் ஒருவராகலாம். இவ்விரண்டில் எதைத் தேர்ந்தாலும் அம்மாந்தர் ஆடுபவரின் கையை விட்டு அகல்கிறார். அவ்வாறு முன்னோடியானவரை நடத்துநர் தொடர்ந்து கதையில் கொண்டுவரலாம். புதிதாகச் சேரும் இளைஞருக்கு அவர் ஒரு பெரியவர். "நீ யார்" என்று அவர் சொன்னால் இனி அச்சொல் முத்திரையை மாற்றும்.