நோய்நிலை உணர்த்தும் உரிமை

இணையவழி மருத்துவம் பரவிய பின்னர், முதியோர்க்காக மக்களும் மருமக்களும் மருத்துவரிடம் பேசும் வழக்கம் பெருகியுள்ளது. திரையின்முன் மகன் பேச, நோயுற்ற தந்தை அருகே வாளா அமர்ந்திருத்தலைக் காண்கின்றோம். இவ்வாறு பேசுவார்க்கு எல்லை யாது? வினா புதிதாயினும், விடைக்கு வேண்டும் பாகுபாடு பழைய நூல்களிலேயே உள்ளது.

வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளில் (950) உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான் என மருத்துவத்தை நான்கு கூறாக்கினார். பரிமேலழகர் ஒவ்வொன்றையும் நந்நான்காக விரித்தார். உற்றவனுக்குப் பொருளுடைமை, மருத்துவன் சொல்வழி ஒழுகுதல், தன் நோயின் நிலையை எடுத்துரைத்தல், மருந்தால் வரும் துன்பம் பொறுத்தல் என்பவற்றைக் கூறினார். உழைச்செல்வானுக்கு நோயாளியிடம் அன்பு, மனமொழிமெய்த் தூய்மை, சொல்லியவற்றைச் செய்து முடிக்கும் திறன், அறிவு என்பவற்றைக் கூறினார். நோயை எடுத்துரைத்தல் உற்றவன்பால் வைக்கப்பட்டதன்றி உழைச்செல்வான்பால் வைக்கப்படாமை ஈண்டு நோக்கத்தக்கது.

இப்பகுப்பு வடமொழிச் சரக சங்கிதையிலும் காணப்படும். ஆண்டும் நோயுரைத்தல் நோயாளிக்கே உரியது. எனினும் சரகம் அவனுக்கு நினைவாற்றலையும் அஞ்சாமையையும் வேண்டுகின்றது. பரிமேலழகர் அவ்விரண்டையும் கூறிற்றிலர். முதுமையில் நினைவு குன்றுமாயின் உரைத்தலும் குன்றும். உழைச்செல்வான் வாய்ச்சொல் இன்றியமையாததாவது அவ்விடத்தேயாம்.

இந்தியாவில் 2020 மார்ச் 25இல் வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகளும் இவ்வேறுபாட்டைத் தழுவின. நோயாளி உடனிருக்கும் நிலை, உடனில்லாத நிலை என அவை இரண்டாகப் பிரித்தன. நினைவிழப்பு நோய், உடற்குறை முதலியவற்றால் இயலாதார்க்காகப் பேணுநர் பேசலாம் என்றன. பிறர்க்காகப் பேசுவார்க்கு நோயாளியின் இசைவோ உறவுச் சான்றோ வேண்டும் என்றன.

அன்புடையார் அனைத்தும் அறிவராதலின் அவர் சொல்லே அமையும் எனின், அது பொருந்தாது. உணவு குறைந்தமை, மாத்திரை தவறியமை, இரவில் நிலைதடுமாறியமை ஆகியவற்றைக் கண்டவர் கூறலாம். வலியின் இடமும் தன்மையும் அதனை உற்றவரே அறிவர். பிள்ளைகட்குச் சுமையாதல் கூடாதெனக் கருதி, அவர் முன்னிலையில் நோயை மறைக்கும் முதியோரும் உளர். அவர்க்குச் சிறிது தனிமை தந்து வினவுதலும் மருத்துவர் கடனாம்.

ஆகவே, பேசும் ஆற்றல் எஞ்சியுள்ளவரை முதல் வினா உற்றவரை நோக்கியே எழுதல் வேண்டும். உழைச்செல்வான் கூற்று அவர் கூற்றை நிரப்புவதாக அமையலாம். அதனை நீக்கித் தான் நிற்பதாக அமைதல் கூடாது.